மேடையில் பகுத்தறிவு, தொட்டிலருகே தயக்கமா?

தோழரே!

சென்ற திங்களில் ஒரு சிற்றூரில் நடைபெற்ற கொள்கை விளக்கக் கூட்டத்தில் பேசிவிட்டு, இரவு உணவுக்கு நம் தோழர் ஒருவரின் இல்லம் சென்றிருந்தேன். அவர் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். இருபதாண்டுக் காலம் நமது கொடியைச் சுமந்தவர். நள்ளிரவில் சுவரொட்டி ஒட்டியவர். சிறை வாயிலையும் மிதித்தவர். அன்றைய கூட்டத்திற்குத் தலைமை ஏற்று, எவர் சொன்னாலும் ஆராயாமல் ஏற்காதீர் என்று இளைஞர்களுக்கு இடித்துரைத்தவரும் அவரே.

இலை போடப்பட்டது. கூடத்தின் நடுவே தொட்டில். தொட்டிலில் பத்துத் திங்கள் நிரம்பிய பெண் குழந்தை. சோறு பரிமாற வந்த அம்மையார், கையிலிருந்த அட்டை ஒன்றை என்முன் வைத்தார். "அண்ணா, நீங்களே கேளுங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் போடவேண்டிய ஊசி இது. மூன்று புதன்கிழமைகள் போய்விட்டன. நர்சம்மா இரண்டுமுறை வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டார். இவர் வேண்டாம் என்கிறார்" என்றார்.

தோழர் சிரித்தார். "அண்ணனுக்குத் தெரியாததா? எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சூழ்ச்சி. இதோ பாருங்கள்" என்று கைப்பேசியை நீட்டினார். யாரோ, எங்கோ, எவருக்கோ அனுப்பி, ஆயிரம் கை மாறி வந்த ஒரு செய்தி. அடியில் எழுதியவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஊர் இல்லை. அதை நம்பிய நம் தோழரோ, ஆயிரமாண்டுப் பழமையான புராணத்தைக்கூடச் சான்று கேட்டே மடக்குகிறவர்!

"இளம்பிள்ளை வாதம் வந்த என் அண்ணன் காலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான்" என்றார் அம்மையார். "நான் சொல்லியாயிற்று. இந்த வீட்டில் ஊசி கிடையாது" என்றார் தோழர். அம்மையார் பேசவில்லை, உள்ளே சென்றுவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இஃது ஒரு வீட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர். 2017 பிப்ரவரியில், ஒன்பது திங்கள் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி போடும் பெரும்பணி தமிழ்நாட்டில் தொடங்கியபோது, நடந்தது என்ன? வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. பள்ளி வாயிலில் பெற்றோர் திரண்டனர். ஊசி போடும் நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவர் பலர். குறித்த காலத்தில் பணி முடியாமல் நாளை நீட்டிக்க வேண்டிய நிலை வந்தது. எந்த நாட்டில்? பெரியம்மை ஊசிக்குக் கிண்டியிலும், வெறிநாய்க்கடி மருந்துக்குக் குன்னூரிலும் நூறாண்டுக்கு முன்பே நிலையங்கள் கண்ட நாட்டில்! ஆகவே இதனைப் பொதுவில் பேசுகிறேன். அத்தோழர் ஞாயிறுதோறும் இப்பகுதியைத் தவறாது படிப்பவர், இன்றும் படிப்பார். அவர் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதற்காரணம்: "நம் பாட்டன் பூட்டன் ஊசியா போட்டுக்கொண்டார்கள்? இயற்கையான எதிர்ப்பாற்றலால் வாழவில்லையா?"

வாழ்ந்த பாட்டனைக் காட்டுகிறார் தோழர். மாண்டுபோன பாட்டனின் உடன்பிறப்புகளை எண்ணினாரா? பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை என்று கணக்குச் சொல்வார். 1951க்கு முந்திய பத்தாண்டில் இந்நாட்டவரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு. கிழவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் தொட்டிலிலேயே முடிந்த வாழ்வுகள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தன. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிரம்புமுன் இறப்பவை இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. இந்த மாற்றம் ஊசியால் மட்டும் வந்ததென்று நான் கூறேன். நல்ல குடிநீர், சத்துணவு, மருத்துவமனைப் பேறு, பெண் கல்வி யாவும் சேர்ந்தே வந்தது. ஆனால் அந்த வரிசையில் ஊசியை மட்டும் நீக்குவேன் என்பவர், நாற்காலியின் ஒரு காலை வெட்டிவிட்டு அதன்மேல் குழந்தையை உட்கார வைப்பவரே ஆவார்.

இயற்கை எதிர்ப்பாற்றல் என்கிறாரே, தட்டம்மை அந்த ஆற்றலை என்ன செய்கிறது என்பதை அறிவாரா? நெதர்லாந்தில் சமய நம்பிக்கையால் தடுப்பூசி மறுத்து வாழும் மக்களிடையே 2013இல் தட்டம்மை பரவியது. ஊசி போடாத 77 குழந்தைகளின் குருதியை, நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஆராய்ந்தனர். முடிவு 2019இல் வெளிவந்தது. பிற நோய்களை எதிர்க்க அக்குழந்தைகள் முன்னரே பெற்றிருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை தட்டம்மை அழித்துவிட்டிருந்தது! இயற்கை தந்த கவசத்தை இயற்கையான நோயே உரித்தெடுத்துச் செல்கிறது. ஊசியோ அவ்வாறு உரிப்பதில்லை. தட்டம்மைத் தடுப்பூசி வந்த 1963க்கு முன், இந்நோயால் ஆண்டுதோறும் உலகில் மடிந்தவர் ஏறத்தாழ 26 இலட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதுவும் இயற்கைதான், தோழரே!

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். இந்த வாதம் புதிதன்று. அம்மை குத்த வந்தவரைக் கண்டு ஊரே கதவடைத்த காலம் ஒன்று இருந்தது. அம்மை தெய்வக் குற்றம், ஆத்தாள் இறங்கியிருக்கிறாள், மருந்து கொடுத்தால் அவள் கோபம் கொள்வாள் என்றனர். மற்றொரு சாரார் சொன்ன காரணம் இன்னும் இழிவானது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றும் முறை இருந்தது. சேரிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்தது அக்கிரகாரக் குழந்தையின் கையில் ஏறுவதா என்று மறுத்தனர் சாதி பார்த்தோர். உயிர் போனாலும் போகலாம், சாதி போகலாகாது! மாரியின் பேரால் மறுத்தான் ஒருவன். சாதியின் பேரால் மறுத்தான் மற்றொருவன். இன்று இயற்கையின் பேரால் மறுக்கிறார் நம் தோழர். பெயர் மாறியிருக்கிறது, கதவு அதே கதவுதான்.

இரண்டாம் காரணம்: "இது கம்பெனிகளின் கொள்ளை. ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி. நம் பிள்ளைகள் அவர்களுக்குச் சோதனை எலிகளா?"

இக்காரணத்தை நான் எள்ளி நகையாடேன். இதற்குள் உண்மை உண்டு. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், குசராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆயிரக்கணக்கான சிறுமியர்க்குப் போடப்பட்டது. அவர்களுள் பழங்குடிச் சிறுமியர் பலர். விடுதிக் காப்பாளர்களே பெற்றோர்க்குப் பதிலாக ஒப்புதல் ஒப்பமிட்டனர். ஏழு சிறுமியர் இறந்தனர். அவ்விறப்புகளுக்கு ஊசி காரணமன்று என்று விசாரணை கூறிற்று. எனினும் ஒப்புதல் பெற்ற முறையை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு வன்மையாகக் கண்டித்தது. கண்டிக்க வேண்டியதே! ஏழையின் மகள் என்றால் தாய் தந்தையைக் கேட்கவும் வேண்டாமா?

2021 ஏப்ரலையும் மறந்துவிடவில்லை. பிணங்கள் வரிசையில் கிடந்த அந்த நாளில், ஒரே கொரோனாத் தடுப்பூசிக்கு மூன்று விலை கூறப்பட்டது. ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய். மாநில அரசுக்கு 400 ரூபாய். தனியார் மருத்துவமனைக்கு 600 ரூபாய். குப்பி ஒன்று, மருந்து ஒன்று, நோயும் ஒன்று, விலை மட்டும் மூன்று! எதிர்ப்பு எழுந்தபின் மாநிலத்துக்கான விலை 300 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் அக்கொள்கையைக் குறை கூறிற்று. சூன் திங்களில் ஒன்றிய அரசு அதனை மாற்றிக்கொண்டது.

இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து தோழர் எடுக்கும் முடிவு எத்தகையது? அரிசி வணிகன் பதுக்குகிறான் என்றால் நாம் பதுக்கலை எதிர்த்து மறியல் செய்தோமா, சோறு உண்பதை நிறுத்தினோமா? மருந்து வணிகனின் இலாபத்தை எதிர்ப்பது வேறு. மருந்தையே எதிர்ப்பது வேறு. முன்னது போராட்டம், பின்னது தற்கொலை. அதுவும் தன் கொலையன்று. வாய் திறந்து பேசவியலாத குழந்தையைக் களப்பலியிடுவது.

தடுப்பூசியின் வரலாறு கொள்ளைக்காரன் வரலாறு மட்டுமன்று. இளம்பிள்ளை வாதத்திற்கு முதல் ஊசி கண்ட சால்க், 1955இல் அதற்குக் காப்புரிமை எடுத்திருந்தால் கோடீசுவரராகியிருப்பார், எடுக்கவில்லை. சொட்டு மருந்து கண்ட சேபின் அமெரிக்கர். அதனைப் பெருந்திரளான மக்களிடம் முதலில் கொண்டுசென்ற சுமக்கோவ் சோவியத்து விஞ்ஞானி. இரு வல்லரசுகளும் அணுகுண்டை நீட்டி முறைத்துக்கொண்டிருந்த 1959, 1960ஆம் ஆண்டுகளில், கோடிக்கணக்கான சோவியத்து மக்களுக்கு அமெரிக்கர் கண்ட மருந்து சென்றது. பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிப்போம் என்ற திட்டத்தை 1958இல் உலக சுகாதாரப் பேரவையில் முன்வைத்ததும் சோவியத்து நாடே. 1975 மே திங்களோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980இல் உலகிலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. முத்து வடு விழுந்த முகத்தை இன்றைய இளைஞர் எவராவது தம் வயதொத்தவரிடம் கண்டதுண்டா? உலகுழைப்பாளர் ஒன்றுபட்டு வென்ற போர்களில் இதுவும் ஒன்று. அதைக் கம்பெனிக்காரனின் கணக்கில் எழுதிவைக்க நம் தோழருக்கு எப்படி மனம் வந்தது?

நாம் உண்மையில் சினம் கொள்ள வேண்டிய செய்தி வேறு. 2008 சனவரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்று பொதுத்துறை நிலையங்களின் உற்பத்தி உரிமமும் நிறுத்தி வைக்கப்பட்டது. நாட்டின் குழந்தைகளுக்குக் குறைந்த விலையில் ஊசி மருந்து தந்த நிலையங்கள் அவை. குறை இருந்தால் திருத்தியிருக்கலாம். கதவை அடைத்தார்கள். 2010இல்தான் அந்த ஆணை நீங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் யாருடைய சந்தை விரிந்தது? செங்கற்பட்டில் பெரும்பொருட்செலவில் எழுப்பிய தடுப்பூசி வளாகத்திலிருந்து, 2021இன் கொடுந்துயரிலும் ஒரு குப்பிகூட வெளிவரவில்லை. தமிழ்நாட்டரசு அதனைத் தன்னிடம் குத்தகைக்குத் தருமாறு கேட்க வேண்டியிருந்தது. கம்பெனிக் கொள்ளையை எதிர்ப்பவர் அங்கே சென்று முழங்க வேண்டும். மனைவியின் முன் கைப்பேசியை நீட்டுவது வீரமன்று.

மூன்றாம் காரணத்தைத் தோழர் வாய்விட்டுக் கூறவில்லை, அது அச்சம். ஊசியால் குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால்? அச்சம் இழிவன்று, பெற்றவருக்கு அச்சம் இயல்பு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்ததை நம் தாய்மார் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அச்சத்துக்கு அரசியலில் விலை உண்டு. அந்த விலையைச் செலுத்துவோர் குழந்தைகளே. பசிபிக் கடலில் சமோவா என்றொரு சிறுநாடு. மக்கள்தொகை இரண்டு இலட்சம். 2018 சூலையில் அங்கே இரு குழந்தைகள் ஊசி போட்ட சிறிது நேரத்தில் இறந்தன. மருந்துத் தூளை நீரில் கலப்பதற்குப் பதில், தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தில் கலந்துவிட்டனர் செவிலியர். தவறு கலந்த கையில், பழி ஊசியின்மேல். மாதக்கணக்கில் ஊசிப் பணி நின்றது, வதந்தி வளர்ந்தது. 2019 இறுதியில் தட்டம்மை வந்தது. 83 பேர் மடிந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இரண்டு சாவுக்கு அஞ்சி எண்பத்து மூன்றைத் தேடிக்கொண்டது அச்சம்.

ஊசி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற கதை எங்கே பிறந்தது? 1998இல் இலண்டன் இதழ் ஒன்றில் வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில். தடுப்பூசிக் கம்பெனிகள்மேல் வழக்குத் தொடுத்த வழக்கறிஞரிடம் அவர் பணம் பெற்றிருந்ததும், தகவல்களைத் திரித்ததும் பின்னர் வெளிப்பட்டன. 2010இல் அவ்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு, அத்தகைய தொடர்பு இல்லை என்றது. கம்பெனிப் பணத்தை ஐயுறும் தோழர், இந்தப் பணத்தையும் ஐயுற வேண்டாமா?

"அப்படியானால் ஐயமே கூடாதா?" என்று கேட்பீர். கூடும், வேண்டும். ஐயம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து ஆச்சாரியார் துண்டு நூலே வெளியிட்டார். நாடெங்கும் வாதம் மூண்டது. அதை முடித்தது யார்? 1968இல் தொடங்கிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் நடந்த பேராய்வு. 1979இல் முடிவு வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை! விஞ்ஞானிகள் அதை மறைத்தார்களா? உலகறிய வெளியிட்டார்கள். அதே வேளையில், பச்சிளங் குழந்தையின் மூளையுறையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதும் பிற ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆகவேதான் இன்றும் பிறந்தவுடன் அதைப் போடுகிறார்கள். தன் முடிவு தனக்கே பாதகமானாலும் வெளியிடுவது அறிவியல். தன் பெயரைக்கூட வெளியிடாதது வதந்தி. தோழர் எதன் பக்கம் நிற்கிறார்?

இறுதியாக ஒன்று: "என் பிள்ளை, என் உரிமை" என்றார் தோழர். இங்கேதான் எனக்கு உண்மையாகவே வலித்தது.

பிள்ளை நிலமன்று, பட்டா எழுதிக்கொள்ள. தட்டம்மை காற்றில் பரவும் நோய்; நோயுற்ற ஒருவரால், எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேர் வரை நோயுறுவர். நூற்றில் 95 பேருக்கேனும் ஊசி போட்டிருந்தால்தான் ஊர் தப்பும். ஒன்பது திங்கள் நிரம்பாத அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஊசி போடும் வயதில்லை. அதன் அரண் உங்கள் குழந்தையே. 2015இல் கேரளத்தின் மலப்புரத்தில், மறந்தே போயிருந்த தொண்டை அடைப்பான் நோய் மீண்டும் வந்து, ஊசி போடாத சிறுவரின் உயிரைக் குடித்தது. பொதுவுடைமை பேசுகிறோம், நோய்க்கு எதிரான அரண் பொதுவுடைமை அன்றோ?

பிள்ளைக்குத் தந்தை ஒருவரா பெற்றோர்? தோழரே, உம் திருமணம் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலியில் அடிமைத்தனம் இல்லை, இன்ப துன்பங்களில் சம உரிமையுள்ள துணைவர் என்று இருவரும் கையெழுத்திட்டீர்கள். அவ்வகைத் திருமணம் சட்டமாவதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை பேர் பழித்தனர், அத்தனை பேர் போராடினர். அன்று ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து. இன்று குழந்தையின் ஊசிக்கு மட்டும் உம் ஒருவர் ஒப்பமா? உம் மனைவி மூடநம்பிக்கை பேசவில்லை. சான்று காட்டிப் பேசினார். அந்தச் சான்று அவருடைய அண்ணனின் கால். 2009இல்கூட இந்தியாவில் 741 குழந்தைகளை இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. 2011 சனவரிக்குப் பின் அந்தக் காட்டு நச்சுயிரியால் ஒரு குழந்தையும் இங்கே முடமாகவில்லை என்பதால், 2014இல் நோயற்ற நாடெனச் சான்று கிடைத்தது. வாசல்தோறும் சொட்டு மருந்துப் பெட்டி சுமந்த பெண்கள் ஈட்டிய வெற்றி அது. அந்த வெற்றியைப் பேசிய பெண்ணை, "நான் சொல்லியாயிற்று" என்று அடக்கினீரே, அது எந்தக் கொள்கை?

தோழர்களே! செய்ய வேண்டியவை சில உண்டு. பொதுத்துறையில் தடுப்பூசி உற்பத்தியைப் பெருக்கக் கோருவோம். ஊசியால் தீங்கு நேர்ந்ததாக ஐயம் எழுந்தால் உடனே விசாரித்து, அறிக்கையை மக்களுக்குத் தமிழில் தரச் சொல்வோம். கேட்காமல் எவர் பிள்ளைக்கும் எதையும் போடாதே என்போம். அதே மூச்சில், நம் கிளைதோறும் ஊசி தவறிய குழந்தை எதுவென்று கேட்டறிந்து, அந்தத் தாயோடு ஒருவர் உடன் செல்வோம். கிராம சுகாதார செவிலியர் தனித்து நின்று வசை கேட்கும் வாசலில், நம் கறைபடாத சட்டை ஒன்று அவர் பக்கம் நிற்கட்டும்.

இதைப் படிக்கும் தோழரே, உம் பெயரை நான் எழுதவில்லை, உமக்குத் தெரியும். சினந்தால் என்மேல் சினந்துகொள்ளும். அதற்குரிய உரிமை உமக்கு உண்டு. ஆனால் வரும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போகும்போது குழந்தையை நீர் தூக்கிச் செல்லும். அட்டையை அம்மையார் எடுத்து வரட்டும். ஊசி ஏறும்போது குழந்தை அழும். சிறிது நேர அழுகை அது. வாழ்நாளெல்லாம் நீங்கள் இருவரும் அழ நேராதிருக்க, அவ்வழுகையைப் பொறுத்துக்கொள்ளும்.